அந்தால்யாவிலிருந்து ஃபெத்தியே வரை: லிக்கியக் கடற்கரையில் ஒன்பது நாள்

அக்டோபரில் ஒன்பது நாள், துருக்கியின் அந்தால்யா பக்கம். கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள அம்மா. கையில் பட்டை கட்டிவிட்டு நாள் முழுக்கச் சாப்பாடு போடும் ரிசார்ட்டுக்குள் அடைந்துகிடக்க மனமில்லை. பழைய ஊர்களும் பார்க்க வேண்டும், கடலிலும் இறங்க வேண்டும். இருவர் சைவம். நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்.

என் பதில்: அந்தால்யாவில் இறங்கி மேற்கே போங்கள். கிழக்கே பெலெக், சிதே, அலான்யா என்று நீளும் கரையில்தான் அந்தப் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அந்தத் திசையில் தவறவிடக் கூடாதது ஒன்று உண்டென்றால் ஆஸ்பெந்தோஸ் அரங்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடம், மேடைச் சுவர் உச்சிவரை அப்படியே நிற்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். மற்றபடி உங்கள் ஒன்பது நாளும் மேற்கே, அந்தால்யாவுக்கும் ஃபெத்தியேவுக்கும் நடுவில் கடலுக்குள் பிதுங்கி நிற்கும் தெக்கே தீபகற்பத்துக்கு உரியவை. பழங்காலத்தில் அதன் பெயர் லிக்கியா.

அந்தக் கரையில் அடுத்தடுத்து இடிந்த ஊர்களாகவே வரும். மூன்றாவது அரங்கத்தைப் பார்க்கும்போது பையன் கொட்டாவி விடுவான், நீங்களும் விடுவீர்கள். எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வோர் ஊரையும் துறைமுகமாகப் பாருங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் “கப்பல் எங்கே நின்றிருக்கும்?” என்று கேளுங்கள். பையனுக்கு அது விளையாட்டு. உங்களுக்கு வரலாறு பாதி புரிந்துவிடும்.

காரணம் காற்று. கோடை முழுவதும் கிழக்கு மத்தியதரைக் கடலில் வடமேற்கிலிருந்து காற்றடிக்கும். ரோம் நகரம் தின்ற கோதுமையில் ஒரு பெரிய பங்கு எகிப்திலிருந்து வந்தது. அலெக்ஸாந்திரியாவிலிருந்து ரோமுக்குப் போக வேண்டிய திசையும் அதே வடமேற்கு. சதுரப் பாய் கட்டிய சரக்குக் கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போகாது. அதனால் மாலுமிகள் முதலில் வடக்கே ஓடி லிக்கியக் கரையைப் பிடிப்பார்கள். அங்கே இரவில் மலையிலிருந்து இறங்கும் நிலக்காற்றையும் மேற்கு நோக்கிப் போகும் நீரோட்டத்தையும் வைத்து, துறைமுகம் துறைமுகமாக ஊர்ந்து ரோதுத் தீவு (ரோட்ஸ்) பக்கம் போவார்கள். ரோமிலிருந்து காற்றோடு திரும்பி வர இரண்டு மூன்று வாரம். கோதுமையோடு போக ஒன்றிரண்டு மாதம். அத்தனை கப்பலும் இந்தக் கரையில் தண்ணீர் பிடித்தாக வேண்டும், காற்றுக்குக் காத்தாக வேண்டும், சில சமயம் சரக்கை இறக்கி வைத்தாக வேண்டும். லிக்கியாவுக்குப் பணம் வந்த வழி அது. கடற்கொள்ளையர் வந்த வழியும் அதுதான்.

விவிலியம் படித்தவர்களுக்கு இந்த ஊர்கள் பழக்கமானவை. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கப்பல் மாறும் பத்தாராவும் மீறாவும் இங்கேதான் இருக்கின்றன. கைதியாக ரோமுக்குப் போகும்போது மீறாவில் அவரை ஏற்றியது இத்தாலிக்குப் போகும் அலெக்ஸாந்திரியக் கப்பல். பின்னால் புயலில் அந்தக் கப்பலின் பாரத்தைக் குறைக்கக் கடலில் கொட்டியது கோதுமையைத்தான்.

இனி வழி. அந்தால்யாவில் இறங்கி, ஊர் திரும்பும்போது ஃபெத்தியே பக்கமுள்ள தலமான் விமான நிலையத்திலிருந்து கிளம்புங்கள். வந்த வழியே திரும்புவது ஒரு நாளைத் தின்றுவிடும். எட்டு இரவில் அந்தால்யாவில் ஒன்று, சிராலியில் இரண்டு, காஷில் மூன்று, ஃபெத்தியே பக்கம் இரண்டு. வாடகைக் கார் எடுத்தால் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். டி-400 என்ற கடற்கரைச் சாலை நல்ல சாலை. ஆனால் ஃபினிகேயிலிருந்து தெம்ரே வரை பாறை விளிம்பிலேயே வளைந்து வளைந்து போகும், இருட்டிய பிறகு வேண்டாம். கார் வேண்டாமென்றால் ‘தொல்முஷ்’ என்னும் சிற்றுந்துகள் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. வயதானவரோடு போகிறீர்கள் என்பதால் நான் காரையே சொல்வேன்.

அந்தால்யாவில் முதல் மாலை கலேஇச்சி என்ற பழைய நகருக்குள் நடந்தால் போதும். பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஊர், பெயரும் அவன் பெயரிலிருந்து வந்தது. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130 வாக்கில் வந்தபோது எழுப்பிய மூன்று வளைவு வாசல் இன்றும் நகர மதிலில் இருக்கிறது. அதன் அடியில் தரைக்கல்லைப் பாருங்கள்: வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளம் ஆழமாக ஓடும்.

மறுநாள் சிராலிக்குப் போகிற வழியில் ஃபாசெலிஸ். ரோதுத் தீவுக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். ஒரு சின்ன முனையைச் சுற்றி மூன்று துறைமுகம், நடுவில் ஒன்றையும் இன்னொன்றையும் இணைக்கும் கல் பாவிய தெரு. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு துறையில் கப்பல் நிற்கலாம். மேலே சொன்ன விளையாட்டைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அலெக்சாண்டர் கி.மு. 334–333 குளிர்காலத்தில் இங்கே தங்கினான். ஊரார் நல்ல வியாபாரிகள், நல்ல பெயர்தான் இல்லை. ஃபாசெலிஸ்காரன் கடன் வாங்கினால் திருப்பித் தர மாட்டான் என்று ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசிய ஒரு வழக்குரையே மிஞ்சியிருக்கிறது. பைன் மர நிழலில் சமதளமான நடை, அம்மாவுக்குச் சிரமமில்லை. நீச்சலுடையை மறக்காதீர்கள், இடிந்த துறைமுகச் சுவர்களுக்கு நடுவிலேயே நீந்தலாம். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு கெமெரிலிருந்து சுற்றுலாப் படகுகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

சிராலி ஒரே தெரு உள்ள கடற்கரைக் கிராமம். கடலாமைகள் முட்டையிடும் கரை என்பதால் மணலோரம் பெரிய கட்டடம் இல்லை. ஆரஞ்சுத் தோப்புக்குள் சின்னச் சின்ன விடுதிகள்தான். கரையின் தெற்குக் கோடியில் ஆற்றைத் தாண்டினால் ஒலிம்போஸ். கொள்ளையர் தலைவன் செனிகேதெஸ் கோட்டை கட்டி ஆண்ட பகுதி இது. கி.மு. 70களில் ரோமானியத் தளபதி செர்விலியுஸ் முற்றுகையிட்டபோது அவன் வீட்டோடு தீ வைத்துக்கொண்டு செத்தான் என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். இன்று அந்த ஊர் காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. செடிகொடிக்குள்ளிருந்து ஒரு கோயில் வாசல் மட்டும் தனியாக எட்டிப் பார்க்கும்.

சிராலிக்கு மேலே மலையில் யானார்தாஷ். பாறை இடுக்குகளிலிருந்து நெருப்பு எரிகிறது, கிரேக்கர் காலத்திலிருந்தே எரிகிறது. சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்டு தீ கக்கும் கிமேரா என்ற பூதத்தை பெல்லெரோஃபோன் என்ற கிரேக்க வீரன் பறக்கும் குதிரையில் வந்து கொன்ற கதையின் இடம். அறிவியல் இன்னும் சுவாரசியம். பூமிக்குள்ளிருந்து வரும் மீத்தேன் வாயு பெரும்பாலும் அழுகிய உயிர்ப்பொருளிலிருந்து உண்டாவது. இங்கே பெரும்பகுதி அப்படியல்ல. இந்த மலையின் கரும்பச்சைப் பாறையும் நீரும் வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகி, அது கரியமில வாயுவோடு சேர்ந்து மீத்தேனாகிறது. உயிரின் பங்கே இல்லாத இந்த வகை வாயு தரைமேல் இவ்வளவு தாராளமாகக் கசியும் இடம் உலகில் அரிது. இருட்டிய பிறகு டார்ச்சோடு ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், கரடுமுரடான படிகள். இதற்கு மட்டும் அம்மாவை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள், இறங்கும்போது முழங்கால் பதம் பார்த்துவிடும்.

நான்காம் நாள் காஷுக்குப் போகும் வழியில் ஒரு கிளைச்சாலை. ஃபினிகேயில் கடலை விட்டு எல்மலிச் சாலையில் அரை மணி நேரம் மேலே போனால் அரிக்காந்தா. இதைப் பயண நிறுவனங்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன, எனக்கோ லிக்கியாவிலேயே பிடித்த இடம். செங்குத்தான மலையில் தட்டுத் தட்டாக அரங்கம், ஓட்டப்பந்தயத் திடல், கடைவீதி, குளியல்கூடம் என அடுக்கியிருக்கிறார்கள். குளியல்கூடத்தின் தெற்குச் சுவர் சன்னல்களோடு நிற்கிறது. வெந்நீரில் உட்கார்ந்தபடி பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காகவே கட்டியிருக்கிறார்கள். இன்றைய ஹோட்டல்காரர்கள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். துறைமுகமில்லாத ஊர் ஆயிற்றே என்று கேட்கலாம். கடற்கரைக்கு மரமும் மலைப் பொருளும் இறங்கிய பாதை இதுதான். படியேற்றம் உண்டு. அம்மாவும் நீங்களும் நுழைவாயில் அருகே மர நிழலில் உட்கார, பையனும் அப்பாவும் மேலே போய் வரட்டும். அல்லது நீங்கள் போய் வாருங்கள், அப்பா உட்காரட்டும்.

தெம்ரே பார்க்க அழகான ஊரல்ல. மலையடியிலிருந்து கடல்வரை பிளாஸ்டிக் கூரை, உள்ளே தக்காளியும் மிளகாயும். அந்தப் பிளாஸ்டிக் கடலுக்குக் கீழே, ஆறு கொண்டுவந்த வண்டலில் பல மீட்டர் ஆழத்தில், மைரா நகரம் கிடக்கிறது, விவிலியத்தின் மீறா. வெளியே தெரிவது அரங்கமும் அதற்குப் பின்னே செங்குத்துப் பாறையில் குடைந்த கல்லறைகளும் மட்டுமே. டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து சில நிமிட நடை. கல்லறைகளுக்கு ஏற அனுமதியில்லை, கீழே நின்றே பார்க்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் சமம்.

இந்தக் கல்லறைகளைச் சற்று நின்று பாருங்கள். பாறையைக் குடைந்திருக்கிறார்கள், ஆனால் வடிவம் முழுக்க மரவீடு. உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, குறுக்குச் சட்டம் பூட்டியிருக்கிறது, கூரையில் உருளைக் கட்டைகள் வரிசையாக முனை காட்டுகின்றன. ஓலைக் குடிசையை அப்படியே கல்லில் செதுக்கிய மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் நினைவுக்கு வராமல் போகாது. லிக்கியர்களின் மரவீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதை நமக்குக் காட்டுவது செத்தவர்களுக்குக் கட்டிய வீடுதான். 1840இல் சார்லஸ் ஃபெலோஸ் என்ற ஆங்கிலேயர் வந்தபோது புடைப்புச் சிற்பங்களில் சிவப்பும் நீலமும் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதிவைத்தார். பல கல்லறைகளில் எழுத்தும் உண்டு. பெரும்பாலும் ஒரே சங்கதி: இது இன்னாருடையது, இன்னின்னாரைத்தான் இதில் வைக்கலாம், மீறி வேறு பிணத்தை நுழைத்தால் ஊருக்கோ கோயிலுக்கோ இவ்வளவு அபராதம். இட நெருக்கடி அப்போதே இருந்திருக்கிறது.

ஊருக்குள்ளே புனித நிக்கோலாஸ் கோயில். பதாராவில் (விவிலியத்தின் பத்தாரா) பிறந்து மைராவில் ஆயராக இருந்து 4ஆம் நூற்றாண்டில் மறைந்தவர். கிறிஸ்துமஸ் தாத்தாவாக உலகம் சுற்றுவது இவர் பெயர்தான். உங்கள் பையனுக்கு இது போதும். எனக்குச் சுவை வேறோர் இடத்தில். அவரைப் பற்றிய பழங்கதைகளில் ஒன்றில், மைராவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து வந்த கோதுமைக் கப்பல்கள் துறையில் நிற்கின்றன. ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம் கொடுங்கள், போய்ச் சேருமிடத்தில் அளவு குறையாது என்று கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்கி ஊருக்குச் சோறு போடுகிறார். காற்று, கோதுமை, துறைமுகம் மூன்றும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன. மாலுமிகளின் காவல் புனிதராக அவர் ஆனதில் வியப்பென்ன? 1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகளே வந்து அவர் எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரஷ்யப் பக்தர்கள் இன்றும் இந்த வெற்றுக் கல்லறைக்குக் கூட்டமாக வருகிறார்கள்.

தெம்ரேயில் ஒரே இடம்தான் பார்க்க நேரம் என்றால், மைராவை விட்டுவிட்டு அதன் துறைமுகமான அந்த்ரியாகேவுக்குப் போங்கள் என்பேன். பலர் சண்டைக்கு வருவார்கள். அங்கே ஹேட்ரியன் கட்டிய தானியக் களஞ்சியம் கூரை தவிர முழுசாக நின்றது. எட்டு அறை, வாசலுக்கு மேல் பேரரசர், பேரரசி முகங்கள். அதற்குக் கூரை போட்டு 2016இல் லிக்கிய நாகரிக அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கோதுமை குவித்த அதே அறைகளில் கப்பல், வணிகம், காசு, கல்வெட்டு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார்கள். வெளியே ஊதாச் சாயம் எடுத்த முள்சங்குகளின் உடைந்த ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்த இடம், யூதர்களின் தொழுகைக்கூடம், தண்ணீர்த் தொட்டிகள். துறைமுகம்? அது இப்போது நாணல் வளர்ந்த சதுப்பு. கப்பல் நின்ற இடத்தைப் பையன் தானாகவே கண்டுபிடித்துவிடுவான்.

காஷ்தான் உங்கள் நடுத்தளம். பக்கத்துக் கல்கானில் மலைச்சரிவெங்கும் நீச்சல்குள வில்லாக்கள். காஷ் இன்னும் ஊராக இருக்கிறது. பழைய பெயர் அந்திஃபெல்லோஸ். கடைத்தெரு முனையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல்பெட்டிக் கல்லறை நிற்கும், அதைச் சுற்றித்தான் ஐஸ்கிரீம் கடையும் நகைக்கடையும். மேற்கே பத்து நிமிட நடையில் கடலைப் பார்த்த சின்னக் கிரேக்க அரங்கம். மாலை அங்கே போய் உட்காருங்கள். எதிரே தெரியும் மெய்ஸ் தீவு கிரேக்க நாடு, படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதோடு துருக்கிக்குள் மறுபடி நுழையவும் விசா இடம் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

காஷுக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் உலுபுருன் என்ற முனை. 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், கடலடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாக வந்து சொன்னார். அவை செம்புக் கட்டிகள். 1984 முதல் 1994 வரை, 44 மீட்டருக்கும் ஆழத்தில், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முறை மூழ்கி அகழ்ந்தார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதிக் கப்பல் அது. சைப்ரஸ் செம்பு சுமார் 10 டன், வெள்ளீயம் சுமார் 1 டன், நீலக் கண்ணாடிக் கட்டிகள், ஆப்பிரிக்கக் கருங்காலி, யானைத் தந்தம், நீர்யானைப் பல், எகிப்து அரசி நெஃபெர்தித்தியின் பெயர் பொறித்த தங்க வண்டு முத்திரை. பத்துக்கு ஒன்று என்பது வெண்கலம் வார்க்கும் விகிதம் என்பதைக் கவனியுங்கள். பவுலுக்கு 1,300 ஆண்டுக்கு முன்பே இதே வழி, இதே முனை, இதே காற்று. பொருள்கள் எல்லாம் போத்ரும் நீரடி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அது உங்கள் வழியில் இல்லை. அதனால் என்ன, கெகோவாத் தீவுக்குப் போகும் படகிலிருந்து இந்த முனைகளைப் பார்க்கும்போது கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள்.

கெகோவாவுக்கு ஒரு முழு நாள். காஷிலிருந்தே படகு உண்டு, ஆனால் முனை தாண்டும்போது ஆட்டும். ஊச்சாவுஸ் கிராமம்வரை காரில் போய் அங்கே சின்னப் படகு பிடித்தால் அம்மாவுக்கு வயிறு புரளாது. கெகோவாத் தீவின் வடகரையில் பழைய ஊரொன்று நிலநடுக்கங்களில் பாதி கடலுக்குள் இறங்கிவிட்டது. பாறையில் வெட்டிய படிகள் தண்ணீருக்குள் போகும், வீட்டுச் சுவர் கரையில் பாதி நீரில் பாதி. மூழ்கிய நகரத்தின் மேல் நீந்தத் தடை. படகும் மெதுவாகத்தான் போகும். ‘மூழ்கிய நகரம்’ என்று விளம்பரப் பலகையில் போட்டிருப்பதை நம்பித் தூணும் கோபுரமும் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எதிர்க்கரையில் கலேகொய், பழைய சிமேனா. சாலை கிடையாது, படகிலோ நடந்தோதான் வரலாம். உச்சியில் கோட்டை, கோட்டைக்குள்ளே பாறையில் வெட்டிய அரங்கம், சில நூறு பேர்தான் உட்காரலாம். கீழே ஆழமில்லாத நீரில் ஒரு கல்பெட்டி நிற்கும், லிக்கியா என்றாலே எல்லோரும் போடும் படம் அதுதான். ஏற்றம் செங்குத்து. அம்மா கீழே படகுத்துறைக் கடையில் வீட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி இருக்கட்டும்.

காஷிலிருந்து ஃபெத்தியேவுக்குப் போகும் நாளில் மூன்று இடம். முதலில் பதாரா. லிக்கியக் கூட்டமைப்பின் அவை கூடிய மண்டபம் இங்கே இருக்கிறது, அண்மையில் செப்பனிட்டார்கள். கூட்டமைப்பில் 23 ஊர்கள். பெரிய ஊருக்கு மூன்று ஓட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, சின்னதுக்கு ஒன்று. வரியும் அதே கணக்கில். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்தெஸ்கியூ கூட்டாட்சிக்கு நல்ல மாதிரி என்று இதைப் புகழ்ந்தார். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியபோது ஹாமில்டனும் மாடிசனும் இதை எடுத்துக்காட்டினார்கள். படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபம் அளவுதான்.

பதாராவிலும் ஹேட்ரியனின் களஞ்சியம் உண்டு. நீரோ காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்றையும் மணலுக்கடியிலிருந்து கல் கல்லாக எடுத்தார்கள். அந்தக் கலங்கரை விளக்கம் நின்ற இடத்திலிருந்து இன்று கடல் எட்டத்தில் இருக்கிறது. ஸாந்தோஸ் ஆறு கொண்டுவந்த மணலைக் காற்றும் அலையும் திருப்பித் தள்ள, துறைமுக வாய் அடைபட்டது. கப்பல் நின்றது, ஊரும் நின்றது. புதிய ஊர் மேலே எழாததால்தான் பழையது மிஞ்சியது. ஊரைக் கொன்ற மணலே இப்போது 18 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. ஆமைகள் முட்டையிடுவதால் கட்டடத்துக்கு அனுமதியில்லை, கோடையில் இரவில் மனிதருக்கும் அனுமதியில்லை. இடிபாடுகளுக்கு எடுத்த டிக்கெட்டிலேயே கடற்கரைக்கும் போகலாம். அக்டோபரில் தண்ணீர் இதமாக இருக்கும், கரை ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும். அலை கொஞ்சம் உண்டு. பையனைக் கண்பார்வையில் வையுங்கள்.

அடுத்து ஸாந்தோஸ், லிக்கியாவின் தலையூர். கி.மு. 540 வாக்கில் பாரசீகத் தளபதி ஹார்பகோஸ் படையெடுத்தபோது, ஊரார் மனைவி மக்களையும் சொத்தையும் கோட்டைக்குள் வைத்துத் தீயிட்டுவிட்டுக் கடைசி ஆள்வரை போரிட்டுச் செத்தார்கள், அன்று வெளியூர் போயிருந்த 80 குடும்பங்கள்தான் மிஞ்சின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 42இல், சீசரைக் கொன்ற புரூட்டஸ் பணமும் படையும் கேட்டு வந்தபோது மறுபடியும் அதையே செய்தார்கள். உயிரோடு ஒரு லிக்கியனைக் காப்பாற்றும் வீரனுக்குப் பரிசு என்று புரூட்டஸ் அறிவித்தும் தேறியது 150 பேர்தான் என்கிறார், புரூட்டஸின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்.

சாலையோரத்தில் அரங்கம், அதை ஒட்டியே உயர்ந்த தூண் கல்லறைகள். அவற்றில் ‘ஹார்ப்பி தூண்’ என்ற கல்லறையின் உச்சியில் தெரியும் சிற்பங்கள் நகல்கள். அசல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். மைராவில் வண்ணம் பார்த்து எழுதிய அதே ஃபெலோஸ்தான் 1840களில் பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு பெட்டி பெட்டியாக அனுப்பினார். நெரெயிட் நினைவுச்சின்னம் என்ற முழுக் கோயில் முகப்பே போய்விட்டது. இங்கே அதன் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. லண்டனில் அது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, விளக்கம், வெளிச்சம் எல்லாம் அருமை. ஆனால் அது கீழே ஆற்றுச் சமவெளியைப் பார்க்கவென்று நிறுத்திய கட்டடம், சன்னலில்லாக் கூடத்தில் நிறுத்தியதல்ல.

சில கிலோமீட்டரில் லெதூன், கூட்டமைப்பின் பொதுக் கோயில்: கிரேக்கத் தெய்வம் லெத்தோவுக்கும் அவள் பிள்ளைகள் ஆர்த்தெமிஸ், அப்பொல்லோவுக்கும் மூன்று கோயில் அடுத்தடுத்து. ஸாந்தோஸும் இதுவும் சேர்ந்து 1988 முதல் யுனெஸ்கோ மரபிடம். கைக்குழந்தைகளோடு தாகமாக வந்த லெத்தோவைத் தண்ணீர் குடிக்கவிடாமல் குளத்தைக் கலக்கிய குடியானவர்களை அவள் தவளையாகச் சபித்தாள் என்பது கதை. நிலத்தடி நீர் உயர்ந்து பாதிக் கோயில் குட்டையில் நிற்கிறது. குட்டை நிறையத் தவளை. 1973இல் இங்கே கிடைத்த, கிரேக்கம், லிக்கியம், அரமேயம் என மும்மொழியில் எழுதிய கல் ஃபெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் முழுதாகப் புரியாத லிக்கிய மொழியைப் படிக்க அது பெரிய கைவிளக்கு. அருங்காட்சியகம் சின்னது, அரை மணியில் பார்த்துவிடலாம்.

ஃபெத்தியே பக்கம் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. 1957 நிலநடுக்கத்தில் பழைய ஊர் போய்விட்டது. மலைமேல் அமிந்தாஸ் கல்லறை கம்பீரம், கீழிருந்தே தெரியும். ஒலுதெனிஸ் குடாவின் நீல நிறத்தில் பொய் இல்லை, கூட்டத்திலும் பொய் இல்லை. பாபாதா மலைக்கு இப்போது கேபிள் கார் ஏறுகிறது. பாராசூட்டில் குதிக்காவிட்டாலும் அம்மாவை உச்சிக்குக் கூட்டிப் போகலாம். நேரத்தைக் கயாகொய்க்கு ஒதுக்குங்கள். லெவிஸ்ஸி என்ற பெயரில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் செய்த மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு, இங்கிருந்தவர்களுக்குத் தங்கள் ஊரில் இடமில்லை என்றாகிவிட்டது. கிரேக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த மலைச்சரிவில் நிலைக்கவில்லை. கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல் வீடுகள் அப்படியே நிற்கின்றன. அடுப்புக் குழியும் சுவரில் நீலச் சாயமும் இன்னும் தெரியும். கீழ்த்தெருவிலேயே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

சாப்பாடு கவலை வேண்டாம். ‘ஸெய்தின்யாலி’ என்றால் ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கறி: கத்தரிக்காய், பீன்ஸ், கூனைப்பூ. சாலையோரத்தில் பெண்கள் தேய்த்துச் சுடும் ‘கொஸ்லெமே’க்குள் கீரையோ உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ வைக்கச் சொல்லலாம். அந்தால்யாவின் ‘பியாஸ்’ வெள்ளைப் பயறும் எள் விழுதும் கலந்தது, கட்டாயம் சாப்பிடுங்கள். முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பருப்பு சூப்பை மட்டும் நம்பாதீர்கள். சில கடைகளில் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள், ‘எத் சுயு வர் மூ?’ என்று கேட்டுவிடுங்கள். ‘அய்ரான்’ நம்ம மோர்தான்.

விசா: அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ செல்லுபடியாக இருந்தால் இந்தியர்களுக்கு இணைய வழியிலேயே கிடைக்கும். இல்லையென்றால் விண்ணப்ப மையத்துக்குப் போய் ஒட்டு விசா வாங்க வேண்டும். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் போடுமுன் துருக்கி அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள். அக்டோபர் 29 குடியரசு நாள் விடுமுறை. உள்ளூர்க் கூட்டம் காஷுக்குத்தான் வரும், அந்த வாரமென்றால் அறையை முன்பே பிடியுங்கள். மாதக் கடைசியில் மழையும் தொடங்கலாம். மழை பிடித்துக்கொண்டால் கெகோவாப் படகைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கு அந்த்ரியாகே அருங்காட்சியகத்தை வையுங்கள், காஷிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஒரு நாள் குறைந்துபோனால் ஃபெத்தியேவில் ஓர் இரவை வெட்டுங்கள். காஷில் கை வைக்காதீர்கள்.